கம்பெனி அப்புறம், முதலில் பில்லை எடுத்து வையுங்கள்

கல்லூரி மாணவர்கள் தொழில் தொடங்க அரசுப் பணம் எங்கே கிடைக்கும், படிக்கும்போதே வேலை பழக யார் காசு கொடுப்பார்கள் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்ததில் பாதி ஒரே கேள்விதான்: "பத்து லட்சம் எப்படி வாங்குவது?" கல்லூரி இன்குபேட்டர் (புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் மையம்) ஒன்றில் பல வருடம் விண்ணப்பம் படிக்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மீதிப் பாதியிலிருந்து சிலவற்றை எடுத்திருக்கிறேன். பத்து லட்சக்காரர்கள் முதல் பதிலைப் படித்தால் போதும்.

நாங்கள் நான்கு பேர், பி.இ. இறுதியாண்டு. மஞ்சள் மூட்டையைப் பிரிக்காமலே ஈரப்பதத்தை அளக்கும் கருவி செய்துகொண்டிருக்கிறோம், பாதி முடிந்திருக்கிறது. உடனே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தால் டான்சீடில் 10 லட்சம் வாங்கிவிடலாம் என்கிறார் ஒரு சீனியர். செய்யலாமா?
*மாணவர், ஈரோடு மாவட்டம்*

வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். சீனியர் சொன்னது பொய்யில்லை, அரைகுறை. டான்சீட் என்பது தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் தரும் விதை நிதி, அதாவது தொடக்கக் காலப் பணம். பொதுவாக 10 லட்சம் வரை. பெண்கள் நடத்துவது, பசுமைத் தொழில்நுட்பம், கிராமத்துக்குப் பயன்படுவது என்றால் 15 லட்சம் வரை. அதற்குக் கம்பெனி தமிழ்நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும், மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும், கூடவே 3 சதவீதப் பங்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும் அது போட்டி. உங்களோடு வரிசையில் நிற்பவர் ஏற்கெனவே நாலு பேருக்கு விற்று, காசு வாங்கி, திட்டும் வாங்கிவிட்டு வந்தவராக இருப்பார். பாதிக் கருவியோடு அங்கே போய் நிற்பதில் அர்த்தமில்லை.

கம்பெனி பதிவு பெரிய வேலையே இல்லை, ஆடிட்டர் சீக்கிரம் முடித்துத் தந்துவிடுவார். அதற்கப்புறம்தான் கூத்து. ஒரு ரூபாய்க்கு வியாபாரம் நடக்காவிட்டாலும் வருடா வருடம் கணக்கைத் தணிக்கை செய்து, கணக்கறிக்கைக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு ஒரு படிவம் என்று கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு வருடம் மறந்துபோனால் இரண்டுக்கும் சேர்த்து 73,000 ரூபாய். சரி, மூடிவிடலாம் என்றால் மூடும் விண்ணப்பத்துக்கே 10,000 ரூபாய் கட்ட வேண்டும், அதுவும் பாக்கிப் படிவங்களைத் தாக்கல் செய்தபின். நான்கு நண்பர்களில் இரண்டு பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ஒருவர் எம்.எஸ். படிக்க விமானம் ஏறி, ஊரில் தங்கிய நாலாவது ஆள் தன் சம்பளத்தில் இந்த அபராதத்தைக் கட்டிக்கொண்டிருப்பதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கட்டத்துக்கு என்று வேறு பணம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் நடக்கும் நிரல் திருவிழாவில் உங்கள் இறுதியாண்டு புராஜெக்டையே கொண்டுபோய் வைக்கலாம். கிண்டியில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னவேஷன் வவுச்சரில், யோசனைக் கட்டத்துக்கான 'ஏ' வவுச்சர் 2 லட்சம் வரை, அதற்கடுத்த 'பி' வவுச்சர் 5 லட்சம் வரை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி-பிரயாஸ்' திட்டம், கருவியின் மாதிரி வடிவத்தைச் செய்ய 10 லட்சம் வரை தருகிறது. இதில் உங்களுக்குத் தோதான விஷயம், கம்பெனி இல்லாமல் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் கையில் பிடிக்கிற பொருளாக இருக்க வேண்டும், வெறும் ஆப்புக்குக் கிடையாது. பிரயாஸ் மையமாக இருக்கும் இன்குபேட்டர் வழியாகத்தான் போக முடியும். ஈரோட்டிலேயே ஸ்டார்ட்அப் டிஎன்னின் வட்டார மையம் இருக்கிறது, ஒரு நாள் நேரில் போய்க் கேளுங்கள். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. ஏலம் நடக்கும் நாளில் காலையிலேயே மஞ்சள் மார்க்கெட்டுக்குப் போய் நில்லுங்கள். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலியை எடுத்துப் படக்கென்று ஒடிப்பார். காய்ந்த மஞ்சள் என்றால் உலோகம் தட்டியதுபோல ஒரு சத்தம் வரும், ஈரம் இருந்தால் வராது. அவ்வளவுதான் அவருடைய மீட்டர், அதற்குச் செலவு ஒரு விரலி. உங்கள் கருவி போட்டி போட வேண்டியது அந்தச் சத்தத்தோடு. அவர் எந்த இடத்தில் ஏமாறுகிறார், எந்த மூட்டையில் தகராறு வருகிறது என்று பத்துப் பேரிடம் கேட்டு எழுதி வைத்தீர்களானால், விண்ணப்பத்தில் 'பிரச்சினை என்ன' என்கிற பகுதி தானாக நிரம்பிவிடும்.

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பா பனையேறி. கருப்பட்டியில் மிட்டாய் செய்து விற்க ஆசை. எங்கள் கல்லூரியில் ஸ்டார்ட்அப் கூட்டம் என்றால் ஆப், ஏ.ஐ. என்றுதான் பேசுகிறார்கள். இந்தப் பணமெல்லாம் என்ஜினீயரிங்காரர்களுக்கு மட்டும்தானா?
*மாணவி, திருநெல்வேலி*

இல்லை. ஆனால் உங்களுக்கு ஸ்டார்ட்அப் பணமே தேவையில்லை என்பது என் கட்சி. ஸ்டார்ட்அப் நிதி, இதுவரை இல்லாத ஒன்றைச் செய்து வேகமாகப் பெருகப்போகிறவர்களுக்கு. நீங்கள் செய்யப்போவது நல்ல வியாபாரம். வியாபாரத்துக்கு வேறு வாசல் இருக்கிறது, அது மாவட்டத் தொழில் மையம், பழக்கத்தில் டி.ஐ.சி.

அங்கே மூன்று பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டமான யு.ஒய்.இ.ஜி.பி.யில் 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்ணுக்கு 35 சதவீத மானியம், நீங்கள் போட வேண்டிய கைக்காசு 5 சதவீதம். நீட்ஸ் என்பது இன்னும் பெரிய திட்டங்களுக்கு, 25 சதவீதம், 75 லட்சம் வரை, மேற்கொண்டு 3 சதவீத வட்டிச் சலுகை. உங்களுக்கு முதல் இரண்டில் ஒன்று போதும், படிப்பு முடிந்த கையோடு போங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டு போங்கள்: இவையெல்லாம் வங்கிக் கடன். மானியம் என்று சொல்வதைக் கையில் எண்ணித் தரமாட்டார்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் அந்தத் தொகை வங்கியில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும், தொழில் ஓடுகிறது என்று பார்த்தபின்தான் கடனில் கழியும். அதுவரை தவணை உங்கள் தலையில். இது தெரியாமல் "மானியம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம்" என்று கணக்குப் போட்டவர்கள் தவித்துப்போகிறார்கள்.

கருப்பட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அப்பாவைக் கேளுங்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய ஓடுவதால், சுத்தமானது என்று நிரூபிக்க முடிந்தவருக்கு அதுவே மூலதனம். பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. படிப்பு முடியும் வரை வீட்டு அடுப்பில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று செய்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகர் பதிவை முடித்துவிட்டு, வாங்கியவர் இரண்டாம் முறை வருகிறாரா என்று பாருங்கள். திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் வங்கி மேலாளரிடம் பேச அது போதும். கல்லூரியில் ஏ.ஐ. பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும்.

பையன் டிப்ளமா மெக்கானிக்கல். ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு 6,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் வராமலே சான்றிதழ் தருவார்களாம். எல்லோரும் கட்டிவிட்டார்கள். நான் என்ன செய்ய?
*ஒரு தந்தை, சேலம்*

கட்டாதீர்கள் ஐயா. அந்தச் சான்றிதழ் எதற்கும் உதவாது. நேர்முகத்தில் "அங்கே என்ன மெஷின் ஓட்டினாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பையன் விழிப்பான்.

நான் படித்த காலத்தில் இதன் பெயர் இன்பிளான்ட் டிரெய்னிங். காசு கேட்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு பம்ப்செட் ஆலையில் பதினைந்து நாள், டைம் ஆபீசுக்கும் கேன்டீனுக்கும் நடுவே நடந்தே கழிந்தது. கடைசிக்கு முந்தின நாள் ஒரு ஃபோர்மன் பரிதாபப்பட்டு, லேத்தின் சக்கில் ஒரு ஷாஃப்டை மாட்டி, டயல் கேஜை அதன்மேல் உட்கார வைத்து, கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். முள் ஆடியது. "இந்த ஆட்டம்தான் பேரிங்கைத் தின்கிறது" என்றார். இருபது நிமிடம். அந்தப் பதினைந்து நாளில் நான் படித்தது அந்த இருபது நிமிடம்தான், இன்றும் மறக்கவில்லை. சான்றிதழ் எங்கே போனது என்று தெரியவில்லை.

சேலத்தில் சின்னப் பட்டறைகளுக்குப் பஞ்சமா? வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒன்றைப் பிடித்து, கல்லூரியில் ஒரு போனஃபைட் கடிதம் வாங்கிக்கொண்டு, நீங்களே கூட்டிப்போய் விட்டுவிட்டு வாருங்கள். முதலாளியின் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி வாங்கினால் கல்லூரிக்கு அது போதுமா என்று முன்கூட்டியே ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டுவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் அவன் செய்ய வேண்டியது வேறு: நாட்ஸ் எனப்படும் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். இது 1961-ம் வருடத்து அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது, யாரும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது, அவர்கள்தான் அவனுக்குத் தர வேண்டும். நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து மும்பை, கொல்கத்தா, கான்பூர், சென்னை என்று நான்கு வாரியங்கள் இதை நடத்துகின்றன. நம்முடையது சென்னைத் தரமணியில். 2019-ல் வகுத்த விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை டிப்ளமாவுக்கு மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000. இதில் பாதியை, அதாவது 4,000 அல்லது 4,500 ரூபாயை அரசு ஏற்கிறது. 2025 மே மாதம் மத்திய அப்ரன்டிஸ் கவுன்சில் உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது, ஆகவே ஒப்பந்தம் போடும் அன்றைக்கு என்ன தொகை நடப்பில் இருக்கிறது என்று நாட்ஸ் தளத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம். எச்.ஆர். தயங்கினால் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

டொரன்டோவில் இருக்கிறேன், சொந்த ஊர் திருச்சி. என் மகன் இங்குள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கோ-ஆப் முறையில் படிக்கிறான், நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை. அக்கா மகள் திருச்சியில் பி.எஸ்சி. படிக்கிறாள். அங்கே இப்படி ஒன்றும் இல்லையா?
*வாசகி, கனடா*

வாட்டர்லூ 1957-ல் தொடங்கும்போதே இந்த முறையில்தான் தொடங்கியது, அந்த ஊர்க் கம்பெனிகளுக்கு அது பழகிப்போன விஷயம். மேலும் அங்கே மாணவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குக் கூலியில் பாதி, 5,000 டாலர் வரை மத்திய அரசே தரும் ஒரு திட்டம் இருக்கிறது. முதலாமாண்டு மாணவர் போன்ற சில பிரிவினருக்கு 70 சதவீதம், 7,000 டாலர் வரை. முதலாளி ஏன் மாட்டேன் என்கப் போகிறார்?

இங்கே அப்படி முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் சாண்ட்விச் பி.இ. உண்டு, ஐந்து வருடம், படிப்பும் ஆலை வேலையும் மாறி மாறி. அந்த வளாகத்திலேயே 1926-ல் தொடங்கிய தொழிற்கூடம் ஒன்று இருப்பதால் அவர்களுக்கு அது கூடியது. மற்ற இடங்களில் நாம் முதலில் பட்டத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வேலை பழகு என்கிறோம். அக்கா மகள் மாதிரி பி.எஸ்சி., பி.காம். படிப்பவர்களுக்கு வந்திருப்பது அப்ரன்டிஸ்ஷிப் இணைந்த பட்டப்படிப்பு. 2020-ல் யு.ஜி.சி. வழிமுறை வகுத்தது, மூன்று வருடப் படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை நிறுவனத்தில் உதவித்தொகையோடு கழிக்கலாம். ஆனால் சேரும்போதே அந்தப் பிரிவில் சேர்ந்திருக்க வேண்டும், நடுவில் மாறுவது கஷ்டம். அவள் ஏற்கெனவே சாதாரணப் பிரிவில் இருந்தால், கோடை விடுமுறையை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யச் சொல்லுங்கள். திருச்சியில் 1986 முதல் இயங்கும் ட்ரெக்-ஸ்டெப் இருக்கிறது, நாட்டின் ஆரம்பகால இன்குபேட்டர்களில் ஒன்று. அங்கே இருக்கும் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுத, சோதனைக்கூடத்தில் கைகொடுக்க எப்போதும் ஆள் தேவைப்படும்.

ஹேக்கத்தான் போட்டிகளில் ஜெயிக்கிறவர்கள் எல்லாம் அப்புறம் எங்கே போகிறார்கள்?
*மாணவர், விருதுநகர்*

பிளேஸ்மென்ட்டுக்கு. தப்பில்லை.

பட்டியலின மாணவர்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?
*மாணவர், கடலூர்*

இரண்டு. புதுமையான யோசனை, வளரும் கம்பெனி என்றால் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் எஸ்.சி., எஸ்.டி. ஸ்டார்ட்அப் நிதி. இது கடனில்லை, பங்கு முதலீடு, உங்களோடு அரசும் ஒரு பங்குதாரர். வழக்கமான தொழில் என்றால் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 35 சதவீத மூலதன மானியம், ஒன்றரைக் கோடி வரை, 6 சதவீத வட்டிச் சலுகை. இரண்டாவதற்கு டி.ஐ.சி. போங்கள். மேலே திருநெல்வேலி மாணவிக்குச் சொன்ன வங்கிக் கடன் விஷயம் இதற்கும் பொருந்தும்.

போன வருடம் எங்கள் குழுவுக்கு ஒரு சின்னத் தொகை வந்தது. சாமான் வாங்கினோம், செய்தோம், எல்லாம் சரி. இப்போது செலவுக் கணக்கு கேட்கிறார்கள். பில் பாதி இல்லை. என்ன ஆகும்?
*மாணவி, செங்கல்பட்டு*

அடுத்த தவணை நிற்கும். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் எந்த அரசு நிதியிலும் மறு தவணை நகராது, கல்லூரிப் பெயரில் வந்த பணம் என்றால் உங்கள் ஜூனியர்களுக்கு வரவேண்டியதும் சேர்ந்து நிற்கும்.

இதில் நானே அடி வாங்கியவன். எங்கள் இன்குபேட்டரில் ஒரு குழு சென்னை ரிச்சி தெருவில் மோட்டார், சென்சார், போர்டு என்று வாங்கிய பில்களை அழகாக வரிசைப்படுத்தி ஃபைலில் குத்தி வைத்திருந்தார்கள். நானும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பதினாலு மாதம் கழித்துத் தணிக்கைக்காரர் ஃபைலைத் திறந்தால் உள்ளே வெறும் வெள்ளைத்தாள். தெர்மல் பேப்பரில் அடித்த பில், ஒரு கோடைக்காலம் பீரோவில் இருந்ததில் எழுத்தெல்லாம் பறந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடைப் பெயர் மட்டும் லேசாகத் தெரிந்தது. ஒரு வாரம் கடை கடையாக ஏறி டூப்ளிகேட் பில் வாங்கினோம். ஒரு கடை மூடிப்போயிருந்தது, அந்தத் தொகை ஏற்கப்படவில்லை. பையன்கள் கைக்காசு போட்டார்கள், நான் அரைவாசி போட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். யு.பி.ஐ.யில் கட்டியதாக இருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுங்கள், தேதியும் தொகையும் அதில் இருக்கும். அதை வைத்துக் கடைக்காரரிடம் ஜி.எஸ்.டி. பில்லின் நகல் கேளுங்கள், கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் தருவார்கள். கிடைக்காததற்குப் பொய் பில் மட்டும் போடாதீர்கள். எவ்வளவுக்கு பில் இல்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டத் தயார் என்று எழுதுங்கள். இனிமேல் பில் வாங்கிய அன்றே ஜெராக்ஸ், ஒரு போட்டோ, பின்புறம் பேனாவால் எதற்கு வாங்கியது என்று ஒரு வரி.

கல்லூரியில் புத்தாக்கக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. தொழில் தொடங்கிய மாணவனுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் 'ஆன் டியூட்டி') கொடுத்தால் மற்ற ஆசிரியர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விதி ஏதாவது இருக்கிறதா?
*உதவிப் பேராசிரியர், மதுரை*

இருக்கிறது சார். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2019-ம் வருடத்து தேசியப் புத்தாக்க மற்றும் ஸ்டார்ட்அப் கொள்கை. மினி புராஜெக்ட், மேஜர் புராஜெக்டுக்குப் பதிலாகத் தன் தொழிலையே காட்டலாம், வருகைப்பதிவு குறைந்தாலும் அனுமதியோடு தேர்வு எழுதலாம், செமஸ்டர் இடைவெளி எடுக்கலாம், கல்லூரி முகவரியிலேயே கம்பெனி பதிவு செய்யலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கல்லூரி தன் உதவிக்கு ஈடாக 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது, இந்த ஒரு வரி மட்டும் நிர்வாகங்களுக்கு எப்படியோ சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனால் இது வழிகாட்டுதல்தான். உங்கள் கல்லூரி அதைத் தன் கொள்கையாக ஏற்றுத் தீர்மானம் போட்டிருந்தால்தான் சண்டையில் உங்கள் கை ஓங்கும். அகாடமிக் கவுன்சில் கூட்டத்துக்கு ஒரு பக்கக் குறிப்பாகக் கொண்டுபோங்கள்.

மகள் கடைசி செமஸ்டரை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். மாதம் முப்பதாயிரத்துக்கு ஆர்டர் வருகிறது. ஒத்துக்கொள்வதா வேண்டாமா?
*ஒரு தாய், திருப்பூர்*

ஆர்டர் வருகிறது என்றால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா. மதுரை ஆசிரியருக்குச் சொன்ன அதே கொள்கையை எடுத்துக்கொண்டு நீங்களும் அவளும் சேர்ந்து முதல்வரைப் பாருங்கள். விட்டுவிட்டுப் போவதற்கும் இடைவெளி எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு: திரும்பி வந்து எந்த செமஸ்டரில் சேர்வாள், பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதலாக என்ன எழுத வேண்டும், கட்டிய ஃபீஸ் என்னவாகும், இந்த மூன்றும் முதல்வர் கையெழுத்தோடு தாளில் வர வேண்டும். வாய்வார்த்தை போதாது, அடுத்த வருடம் வேறு முதல்வர் இருப்பார். முன்னால் எழுதிய பேப்பரில் அரியர் எத்தனை என்று அவளிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், சில பேர் கம்பெனி தொடங்குவதே அதை மறைக்கத்தான்.